பழைய விமானப் பட அட்டைகள்: சேர்த்தால் மட்டும் போதுமா?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

பொழுதுபோக்குகள் பல வகைப்படும். தபால் தலை சேர்ப்போர், நாணயம் சேர்ப்போர், கிரிக்கெட் வீரர் படம் சேர்ப்போர் என்று நம் பள்ளியிலேயே பலர் உண்டு. பழைய விமானங்களின் படம் அச்சிட்ட அஞ்சலட்டைகளைச் சேர்ப்போர் மிகச் சிலர். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. இதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை வைத்திருக்கிறாய்?" என்பதுதான். "என்னென்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்பவர் குறைவு. "இது இன்ன விமானம், இன்ன ஆண்டு என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவர் இதுவரை எங்கள் வரலாற்று ஆசிரியை ஒருவரே.

அந்த மூன்றாவது கேள்விதான் பெரிய கேள்வி என்பது என் கருத்து. இன்னதென்று அறிந்து, அறிந்ததற்குச் சான்றும் எழுதி வைக்காத சேகரிப்பு வெறும் காகிதக் கட்டு. சான்றில்லாமல் எதையாவது எழுதி வைப்பது அதைவிடக் கேடு. நம் வீட்டு அட்டைகளைப் பற்றி அறிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இந்த வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

முதலில், இந்த அட்டைகள் நம் வீடுகளுக்கு எப்படி வந்தன? அந்நாளில் விமானப் பயணம் என்பது ஊரே வழியனுப்ப வரும் பெரிய காரியம். விமான நிறுவனங்கள் தங்கள் விமானத்தின் படத்தை அழகிய அட்டையாக அச்சிட்டுப் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுத்தன. பயணி ஆசனத்தில் அமர்ந்தபடியே நாலு வரி எழுதுவார். இறங்கிய ஊரில் தபாலில் சேர்ப்பார். நிறுவனத்துக்கு அது விளம்பரம்; வீட்டாருக்கோ, பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான் என்ற நிம்மதி. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளிலிருந்து மேற்படிப்புக்கும் வேலைக்கும் கடல் கடந்து போனவர்கள் ஏராளம். ஆகவே இந்தப் பகுதிப் பழைய வீடுகளின் பரண்களில் இத்தகைய அட்டைகள் இன்றும் கிடைக்கின்றன.

எங்கள் பாட்டியின் பிஸ்கட் டப்பாவில் நாற்பத்தொரு அட்டைகள் இருந்தன. 1960-களில் லண்டனுக்குப் படிக்கப் போன என் சின்னத் தாத்தா எழுதியவை பெரும்பாலும். அவற்றில் ஒன்பது அட்டைகளின் மூலையில் தபால் தலை இல்லை. தலை இருந்த இடத்தில் கிழிந்த சதுரம்தான் இருக்கிறது. யாரோ ஒரு தபால் தலைப் பிரியர் தண்ணீரில் ஊறவைத்து உரித்திருக்கிறார். தலையோடு முத்திரையும் போயிற்று. முத்திரையோடு தேதியும் ஊரும் போயின. அந்த ஒன்பதும் எங்கிருந்து எப்போது வந்தன என்று இனி அஞ்சல் துறையே நினைத்தாலும் சொல்ல முடியாது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அலகாபாத் நகரில், இன்றைய பிரயாக்ராஜில், ஒரு பெரிய பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஆன்றி பெக்கே என்ற 23 வயது பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களையும் அட்டைகளையும் ஏற்றிக்கொண்டு யமுனை நதியைக் கடந்து நைனியில் இறங்கினார். தூரம் சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் உலகத்திலேயே அதிகாரபூர்வமாக விமானத்தில் சென்ற முதல் அஞ்சல் அதுவே. அதன் பொன்விழாவுக்கு 1961-இலும் நூற்றாண்டுக்கு 2011-இலும் நம் அஞ்சல் துறை தபால் தலைகள் வெளியிட்டது.

அன்று பறந்த அட்டையை எதைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள்? அதில் ஒட்டிய தபால் தலை ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை போட்ட சாதாரணத் தலை. அன்றைய எல்லாக் கடிதங்களிலும் அதுதான் இருந்தது. அட்டையைத் தனிச்சிறப்பு உடையதாக்குவது, அந்த ஒரு நிகழ்ச்சிக்கென்றே செய்து கருஞ்சிவப்பு மையில் குத்திய முத்திரை. ஒருவர் தபால் தலை ஆசையால் அதை உரித்தெடுத்தால் அவர் கையில் மிஞ்சுவது சில பைசா பெறும் ஒரு தலை. பாழாவதோ ஒரு சரித்திரச் சான்று. அதே போல, அந்த விமானத்தின் படம் போட்ட அட்டை என்பதாலேயே அது அன்று பறந்த அட்டை ஆகிவிடாது. படம் ஒரு பக்கம் பேசுகிறது; சாட்சி மறுபக்கத்தில் இருக்கிறது.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910-ஆம் ஆண்டிலேயே சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. பிறகு 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குச் சிறிய 'புஸ் மாத்' விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெற்று, பெல்லாரி வழியாக மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். லண்டனிலிருந்து கராச்சி வரை முன்பே விமானத் தபால் வந்துகொண்டிருந்தது. ஆகவே லண்டனையும் நம் ஊரையும் வான்வழித் தபால் அன்றுதான் இணைத்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். லண்டனிலிருந்து அந்த வாரம் நம் மயிலாப்பூர் வீட்டுக்கு ஓர் அட்டை வந்திருந்தால், அதன் படம் ஒரு பாலமாகவோ பூங்காவாகவோ இருந்திருக்கலாம். படத்தில் விமானமே இல்லை. ஆனால் மறுபக்கத்து முத்திரைகள் அது அந்த முதல் வான்வழித் தபாலில் வந்தது என்று காட்டிவிடும். படத்தை மட்டும் பார்த்துச் சேர்ப்பவர் அதைத் தள்ளிவிடுவார். இரு பக்கமும் படிப்பவர் எடுத்துவைத்துக்கொள்வார்.

சரி, படத்தைப் படிப்பது எப்படி? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பொறுமையும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். முதலில் எஞ்சின்களை எண்ண வேண்டும். எத்தனை, எங்கே என்ற இரண்டு கேள்விகளிலேயே பாதி விடை கிடைத்துவிடும். தரையில் நிற்கும்போது மூக்கை நிமிர்த்தி வாலைத் தாழ்த்தி, இரண்டு எஞ்சின்களோடு நிற்பது பெரும்பாலும் டக்கோட்டா. வாலில் மூன்று துடுப்புகள் இருந்தால் கான்ஸ்டலேஷன். மெலிந்த நான்கு எஞ்சின்களும் பெரிய முட்டை வடிவ ஜன்னல்களும் இருந்தால் வைகவுன்ட். நம் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு அது 1957-இல் வந்தது. வால் பக்கத்தில் இரண்டு ஜெட் எஞ்சின்களும் ஓரம் மழுங்கிய முக்கோண ஜன்னல்களும் இருந்தால் காரவெல். அது 1964-இல் வந்தது. இறக்கைக்குக் கீழே நான்கு ஜெட் எஞ்சின்கள் தொங்கினால், 1960-இல் ஏர் இந்தியாவுக்கு வந்த போயிங் 707 ஆக இருக்கலாம். தலையில் திமில் இருந்தால் 1971-இல் வந்த 747, அதாவது ஜம்போ.

அடுத்தது, விமானத்தின் மீதும் அட்டையின் மீதும் எழுதியுள்ள பெயர். டாடா ஏர்லைன்ஸ் 1946-இல் ஏர் இந்தியா ஆயிற்று. வெளிநாட்டுப் பயணத்துக்கென்று 1948-இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தோன்றியது. 1962-இல் 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். உள்நாட்டு நிறுவனங்கள் பலவற்றை ஒன்றாக்கி 1953-இல் இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தார்கள். பின்னாளில் அது ஏர் இந்தியாவோடு இணைந்தது. ஏர் இந்தியாவும் 2022 ஜனவரியில் மீண்டும் டாடாவிடமே போய்ச் சேர்ந்தது. இந்த நாலைந்து ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஓர் அட்டையில் 'ஏர் இந்தியா இன்டர்நேஷனல்' என்ற பெயரும் 707 விமானமும் சேர்ந்து இருந்தால், அது 1960-க்கும் 1962-க்கும் இடையில் அச்சானது என்று கணக்குப் போட்டுவிடலாம். கணக்குப் பாடத்தில் இரண்டு சமன்பாடுகளைத் தீர்ப்பது போலத்தான் இதுவும்.

ஆனால் அச்சான ஆண்டு வேறு, அனுப்பிய ஆண்டு வேறு. சின்னத் தாத்தாவின் அட்டை ஒன்று இதே வகையைச் சேர்ந்தது. அதன் முத்திரையோ 1964 என்கிறது. இரண்டில் எதுவும் பொய்யில்லை. மிஞ்சிய பழைய அட்டைகளைத் தீரும் வரை கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். எனவே படம் சொல்வது, 'இதற்கு முன்னால் இந்த அட்டை இருந்திருக்க முடியாது' என்ற எல்லை. முத்திரை சொல்வது, 'இதற்குப் பின்னால் இதை எழுதியிருக்க முடியாது' என்ற எல்லை. இரண்டு எல்லைகளையும் எழுதி வைப்பவரே நல்ல சேகரிப்பாளர்.

முத்திரை மங்கிப் போயிருந்தால் முகவரியைப் பார்க்கலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. முன்பு மயிலாப்பூரை 'மதராஸ்-4' என்றும், தியாகராய நகரை 'மதராஸ்-17' என்றும், அடையாற்றை 'மதராஸ்-20' என்றும் எழுதினார்கள். 1972 ஆகஸ்ட் 15-இல் ஆறு இலக்கப் பின்கோடு வந்தபோது அந்த எண்களே 600004, 600017, 600020 என்று வளர்ந்தன. ஆறு இலக்கமும் இருந்தால் அட்டை 1972-க்குப் பிற்பட்டது என்பது உறுதி. ஆறு இலக்கம் இல்லாவிட்டால் முற்பட்டது என்பது உறுதியில்லை. பழக்கத்தை விடாமல் பழைய எண்ணையே எழுதியவர்கள் பலர். இந்தியத் தபால் தலை ஒட்டியிருந்தால் இன்னும் எளிது. அணாவில் விலை இருந்தால் 1957-க்கு முன் வெளியான தலை. நயா பைசா என்றிருந்தால் 1957 முதல் 1964 வரை வெளியானது.

எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் விமானத்தின் பதிவெழுத்து. மோட்டார் வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பது போல ஒவ்வொரு விமானத்துக்கும் உடலிலும் இறக்கையிலும் எழுத்துகள் உண்டு. இந்திய விமானம் என்றால் 'வி.டி.' என்று தொடங்கி மேலும் மூன்று எழுத்துகள் வரும். ஜே. ஆர். டி. டாடா 1932-இல் ஓட்டிய விமானம் வி.டி.-ஏ.டி.என். ஒரே மாதிரியான பத்து விமானங்களில் இது எது என்று சொல்வது அந்த எழுத்துகள்தாம்.

இதன் முக்கியத்துவத்தை உணர்த்தும் துயரமான செய்தி ஒன்று உண்டு. 1948 ஜூன் 8-ஆம் நாள் ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் வெளிநாட்டு விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்தக் கான்ஸ்டலேஷன் விமானத்தின் பெயர் 'மலபார் பிரின்ஸஸ்', பதிவெழுத்து வி.டி.-சி.கியூ.பி. அதன் உடன்பிறப்புகள் போல 'மொகல் பிரின்ஸஸ்', 'ராஜ்புத் பிரின்ஸஸ்' என்ற விமானங்களும் இருந்தன. அச்சில் வார்த்தது போல எல்லாம் ஒரே தோற்றம். 1950 நவம்பர் 3-ஆம் நாள், ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலையில் மலபார் பிரின்ஸஸ் மோதி, அதிலிருந்த 48 பேரும் மாண்டார்கள். பயணிகள் நாற்பது பேரில் பெரும்பாலோர், கப்பலில் வேலைக்குச் சேர இங்கிலாந்து சென்றுகொண்டிருந்த இந்திய மாலுமிகள். கான்ஸ்டலேஷன் அட்டை ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் அதில் இருப்பது எந்த விமானம்? பூதக்கண்ணாடியில் அந்த மூன்று எழுத்துகளையும் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். 'பி' தெரியும் முன்னரே 'மலபார் பிரின்ஸஸ்' என்று எழுதுவது, இறந்தவர்களுக்கும் உண்மைக்கும் செய்யும் மரியாதை ஆகாது.

இங்கேதான் நான் அடிக்கடி யோசிப்பது ஒன்று. விமானத்துக்குப் பதிவெழுத்து இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைக் கண்டுபிடித்துவிடலாம். அதன் அருகே நிற்கும் மனிதருக்கு எந்த எழுத்தும் இல்லை. யாராவது பெயர் எழுதி வைத்தால்தான் உண்டு. பழைய அட்டைகளிலும் படங்களிலும் இயந்திரத்தின் பெயரைக் கீழே அச்சிட்டிருப்பார்கள். ஏணிப்படியில் நிற்பவர் யார் என்று இராது. சரித்திரத்தில் இயந்திரங்கள் நிலைத்து மனிதர் மறைவது இப்படித்தான்.

பெண்களின் நிலை இதில் இன்னும் மோசம். விமானத்தருகே ஒரு பெண் நின்றால், 'விமானப் பணிப்பெண்' என்று பென்சிலால் எழுதிவிடுகிறார்கள். பணிப்பெண்ணாக இருப்பதில் குறைவொன்றுமில்லை. ஆனால் 1951-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசுக்கு வாங்கிய 'டவ்' விமானத்தைக் கணவர் வி. சுந்தரத்துடன் சேர்ந்து லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர் உஷா சுந்தரம் என்ற பெண்மணி. 1947-இல் விமானி உரிமம் பெற்று, பிறகு டெக்கான் ஏர்வேஸில் விமானியாகச் சேர்ந்தவர் பிரேம் மாத்தூர். ஆகவே பெயர் தெரியாத பெண்ணை ஊகத்தால் பணிப்பெண் ஆக்குவதும் தவறு. ஆசையால் விமானி ஆக்குவதும் தவறு. 'விமானத்தருகே ஒரு பெண், பெயர் தெரியவில்லை' என்று எழுதுவதே நேர்மை. 'தெரியவில்லை' என்று எழுதிய இடத்தில் நாளை ஒருவர் வந்து சரியான பெயரை எழுதலாம். தவறான பெயர் எழுதிய இடத்தில் யார் தேடப் போகிறார்கள்?

ஊகத்துக்கு ஆளாகாமல் இருக்க வேறு சில எச்சரிக்கைகளும் தேவை. ஊர்க் காட்சிப் படத்தின் வானத்தில் வெட்டி ஒட்டியது போல ஒரு விமானம் பறந்தால் சந்தேகப்பட வேண்டும். விமானம் புதுமையாக இருந்த காலத்தில் அச்சிடுவோர் படத்துக்கு மெருகூட்ட இப்படிச் சேர்ப்பது உண்டு. நிழல் விழும் திசையும் அளவும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப் படம். புள்ளியில்லாமல் வழவழவென்று இருந்தால் உண்மைப் புகைப்படத் தாளாக இருக்கலாம். பழைய அட்டையைப் பார்த்துப் புதிதாக அச்சிட்டதையும் பழையது என்று விற்பவர் உண்டு. விற்பவர் சொல்லும் கதை சான்று ஆகாது. மீனம்பாக்கம் விமான நிலையம் என்று யாராவது சொன்னால், 'எதனால்?' என்று கேட்க வேண்டும். பலகையில் பெயர் தெரிகிறதா, பரங்கிமலையோ பல்லாவரத்துக் குன்றுகளோ பின்னால் தெரிகின்றனவா என்று தேட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால், 'ஏதோ ஒரு விமான நிலையம்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

"பத்தாம் வகுப்பில் அரசுத் தேர்வு இருக்கும்போது இதெல்லாம் தேவையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாடம் முதலில் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் ஓர் அட்டையோடு உட்கார்ந்தால் சரித்திரம், பூகோளம், கணிதம் மூன்றும் வருகின்றன. அணா எப்போது போயிற்று, கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஏன் தபால் வந்தது, சென்னை மாநிலம் எந்த ஆண்டு தமிழ்நாடு ஆயிற்று என்று ஒன்றைத் தொட்டால் ஒன்பது வருகிறது. 'இது எனக்குத் தெரியும், இது என் ஊகம்' என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் தேர்வு அறைக்கும் உதவும். அதற்குப் பிறகும் உதவும்.

"கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால் என்ன விமானம் என்று அதுவே சொல்லிவிடுமே!" என்பது என் தோழியரின் கேள்வி. சொல்லும்; சில சமயம் சரியாகவும் சொல்லும். எனக்கும் அது உதவியிருக்கிறது. ஆயினும் அது சொன்னதை எஞ்சினை எண்ணிச் சரிபார்க்க வேண்டியவர்கள் நாம்தாம். மேலும் விமானத்தின் பெயரை அது சொல்லலாம். 'சௌக்கியமாக வந்து சேர்ந்தேன், அம்மாவிடம் சொல்லவும்' என்று எழுதியவர் யார், அந்த அம்மா அன்று என்ன செய்தாள் என்பதை எந்தக் கைப்பேசி சொல்லும்?

அதைச் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமே. எங்கள் பாட்டிக்கு இப்போது கண் பார்வை குறைந்துவருகிறது. விமானம் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் கையெழுத்து இல்லாத, முத்திரை உரிந்த ஓர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சின்னவன் எழுதினதுடி. அவன் 'ழ' போடற சுழியைப் பாரு, வால் அடுத்த வரிக்குப் போகும்" என்றார். பிறகு, "இது வந்த அன்னிக்குத்தான் உங்க அப்பாவுக்குக் காது குத்தினோம்" என்றும் சொன்னார். தண்ணீரில் ஊறிப்போன தேதி ஒன்று இப்படித் திரும்பக் கிடைத்தது. அன்று மாலையே அதை நோட்டுப் புத்தகத்தில், 'பாட்டி சொன்னது' என்று குறிப்பிட்டு எழுதி வைத்தேன். அந்த 'ழ'வின் வாலை அறிந்தவர் எங்கள் குடும்பத்தில் இப்போது அவர் ஒருவரே. மற்ற எட்டு அட்டைகளையும் அவர் கண்ணுக்குத் தெரியும் காலத்திலேயே காட்டிவிட வேண்டும் என்று தினம் ஒன்றாகக் காட்டிவருகிறேன்.

மற்றவர் கடிதத்தைப் படிப்பது முறையா என்ற கேள்வியும் எழும். அஞ்சலட்டை உறையில்லாமல் வருவதுதான், தபால்காரரும் படித்திருப்பார். என்றாலும், எழுதியவரோ அவர் குடும்பத்தாரோ விரும்பாததை வெளியே காட்டக் கூடாது என்பது என் எண்ணம். கண்காட்சியில் வைக்கும்போது படப் பக்கத்தை வைத்து, செய்தியை வீட்டாரின் சம்மதத்தோடு மட்டும் காட்டலாம். கடையில் வாங்கிய அட்டை என்றாலும் வீட்டு முகவரியை மறைத்துக் காட்டுவது பண்பு.

பாதுகாக்கும் முறையும் எளிதே. தபால் தலையை உரிக்கக் கூடாது. செல்லோ டேப் ஒட்டக் கூடாது. சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி அட்டையையும் கெடுத்துவிடும். லேமினேஷன் செய்யவே கூடாது. பிறகு பிரிக்க வழியில்லை. பசை தடவி ஆல்பத்தில் ஒட்டினால் மறுபக்கம் என்றென்றைக்கும் மூடிப்போகும். நான்கு மூலைகளையும் செருகிவைக்கும் காகித மூலைகளே நல்லவை. அட்டையின் மீது பேனாவால் எழுதாமல், தனி நோட்டில் எண் கொடுத்து எழுத வேண்டும். நம் கடற்கரை ஊரின் ஈரக் காற்றும் இராமபாணப் பூச்சியும் காகிதத்துக்குப் பகை. 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே தண்ணீர் புகுந்து சில நாட்கள் மூடிவிட்டார்கள். ஆற்றங்கரை வீடுகளில் நனைந்த பெட்டிகளில் எத்தனை அட்டைகள் போயினவோ! ஆகவே பெட்டியைத் தரையில் வைக்காமல் மேல் தட்டில் வைப்பது நல்லது. இரு பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கிலோவுக்குக் கிடைக்கும் சில ரூபாயைவிட, அதில் ஓர் அரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருவது லாபம். வீட்டில் வேண்டாம் என்றால் கொடுக்க இடங்கள் உண்டு. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சுப் பொருள்களைக் காத்துவருகிறது. அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் தபால் தலை சேகரிப்போருக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அங்கு வருகிற மூத்த சேகரிப்பாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நம் அருட்சகோதரியருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். நம் பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டை இதற்கென ஒதுக்கித் தந்தால், மாணவியர் வீட்டுக்கு ஓர் அட்டையின் படப் பிரதியைக் கொண்டுவந்து சேர்க்கலாம். அசல் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பிரதிக்கும் கீழே மூன்று வரிகள் போதும்: இது என்ன, எதனால் அப்படிச் சொல்கிறோம், யார் சொன்னார்கள். மூன்றாவது வரியில் பாட்டியர், தாத்தாக்களின் பெயர்கள் வரட்டும். விமானத்தின் பதிவெழுத்தோடு அவர்கள் பெயரும் நம் பள்ளியில் நிலைக்கும்.

அன்புத் தோழியரே, தேர்வு முடிந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணை ஒரு முறை பாருங்கள். அட்டை ஒன்று கிடைத்தால் படத்தைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்தாமல், திருப்பிப் பாருங்கள். திருப்பிய பிறகு வீட்டிலுள்ள மூத்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு பென்சிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.